அக்குள் பக்கம் பேனா வைத்த சட்டை

மார்ச் 3

தம்பிக்கு,

கவரில் என் கையெழுத்தைப் பார்த்ததும் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பாய். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. உன் அத்தான் வழக்கம்போல் செய்தித்தாளைப் போர்த்திக்கொண்டு நாற்காலியிலேயே தூங்குகிறார். நான் சாப்பிடுகிறேன், வேலைக்குப் போகிறேன். கையில் வளையல்தான் இல்லை.

போன் பண்ணாமல் ஏன் எழுதுகிறேன் என்றால், போனில் நீ குறுக்கே பேசுவாய், நான் வைத்துவிடுவேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் அப்படித்தான் முடிந்தது. கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. முழுவதும் படித்துத்தான் ஆகவேண்டும்.

போன வியாழக்கிழமை மதியம், நடக்க முடியாத ஒரு வாடிக்கையாளருக்குப் புதுக் கண்ணாடியைக் கொடுத்துவிட்டு எங்கள் கடைக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். வங்கி திரும்பும் முனையில் மோட்டார் சைக்கிளை நிறுத்திக்கொண்டு இரண்டு போலீஸ்காரர்கள் நின்றார்கள். "அம்மா, கொஞ்சம் நில்லுங்க. இப்பதான் அடுத்த தெருவுல ஒரு பொம்பளை கழுத்துல கத்தி வச்சு நகையைப் பறிச்சிட்டுப் போயிருக்கானுங்க. படிச்சவங்க மாதிரி இருக்கீங்க, இப்படிக் கைநிறையப் போட்டுக்கிட்டுத் தனியா வரலாமா?" என்றான் ஒருவன். கைநிறைய எங்கே இருந்தது? இரண்டே இரண்டு வளையல், பத்து வருடம் வேலை பார்த்த பிறகு என் சம்பளத்தில் நானே வாங்கிக்கொண்டது.

அதற்குள் கைப்பையோடு ஒரு ஆள் வந்தான். அவனையும் நிறுத்தித் திட்டினார்கள். அவன் "சரிங்க சார், தப்புதான் சார்" என்று மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்தான். அதைக் காகிதத்தில் மடித்து அவனிடமே திருப்பிக் கொடுத்தார்கள். அவனும் அவர்கள் ஆள்தான் என்பது இப்போது தெரிகிறது. போலீஸ்காரன் இன்னொரு காகிதத்தில் என் பெயரும் நேரமும் எழுதினான், நானும் கழற்றிக் கொடுத்தேன். அதில் மடித்து, "வீட்டுக்குப் போய்த்தான் பிரிக்கணும்" என்று என் பைக்குள் அவனே வைத்தான். சொன்னபடி வீட்டுக்கு வந்துதான் பிரித்தேன். உள்ளே இரும்பு வாஷர் இரண்டு இருந்தன, குழாய்க்குப் போடுவார்களே, அந்த மாதிரி.

இருபத்தேழு வருடமாக ஊரில் எல்லோருக்கும் கண் சரியாகத் தெரிகிறதா என்று எழுத்துப் பலகையைக் காட்டிச் சோதிக்கிறவள் நான். சிரிக்க வேண்டுமென்றால் சிரித்துக்கொள். கடையில் எல்லோரும் சிரித்து முடித்துவிட்டார்கள்.

இதைச் சொல்வதற்காக மட்டும் எழுதவில்லை. அவன் என் பெயரை எழுதுவதற்குச் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தான். போலீஸ் சட்டையில் பையின் மூடியில் பேனா நுழைய ஒரு வெட்டு இருக்குமே, அது எல்லோருக்கும் பட்டன் பக்கம் இருக்கும். இவனுக்கு அக்குள் பக்கம் இருந்தது. வெட்டின் மூலையில் சின்ன முக்கோணத் தையல். அப்படித் தைக்கிற இடதுகைக்காரன் உலகத்தில் ஒருத்தன்தான் எனக்குத் தெரியும்.

ஸ்டேஷனில் புகார் எழுதும்போது "அடையாளம் ஏதாவது?" என்று கேட்டார்கள். மீசை என்றேன். அங்கே இருந்த எல்லோருக்கும் மீசை இருந்தது. பையைப் பற்றிச் சொல்லவில்லை. முதலில் உன்னைக் கேட்க வேண்டும் என்று தோன்றியது. கேட்டுவிட்டேன்.

அக்கா

மார்ச் 8

அக்காவுக்கு,

வளையல் போனதைப் படித்து மனசு கலங்கிவிட்டது. கத்தி கித்தி காட்டாமல் விட்டார்களே, அதுவரைக்கும் நிம்மதி. என் மனைவி படித்துவிட்டு, "அண்ணி தனியா எப்படி வீடு வரைக்கும் வந்தாங்களோ" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

ஆனால் இரண்டு வருடம் கழித்து எழுதிய முதல் கடிதத்தில் தம்பியைத் திருடனுக்குக் கூட்டாளி ஆக்கியிருக்க வேண்டாம். பத்தொன்பது வருடமாக இந்த ஊர்க் காவலர்களுக்குச் சீருடை தைக்கிறேன். அக்குள் பக்க வெட்டைப் பார்த்து ஆரம்பத்தில் எல்லோரும் முணுமுணுத்தார்கள், பிறகு அதுதான் வசதி என்று பழகிவிட்டார்கள். பக்கத்து ஊர்த் தையல்காரர்கள் இரண்டு பேர் அதைப் பார்த்து அப்படியே வைக்க ஆரம்பித்திருக்கிறார்கள். நான் தைத்த பழைய சட்டையை எவனாவது எடைக்குப் போட்டு, அது கைமாறிப் போயிருக்கலாம். இப்படி நூறு வழி இருக்கிறது.

என் கடையில் சட்டம் என்றால் சட்டம். சீருடை தைக்க வருகிறவர் அலுவலகக் கடிதம் கொண்டுவர வேண்டும். கடிதத்தின் எண்ணை அளவு நோட்டில் எழுதிய பிறகுதான் டேப்பையே கையில் எடுப்பேன். இந்த ஊரில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பார்.

உனக்கு எப்போதுமே என் வேலையில் குற்றம் கண்டுபிடித்தால்தான் சோறு இறங்கும். அந்தப் பச்சைக் கோட் விஷயத்திலும் அப்படித்தான்.

உடம்பைப் பார்த்துக்கொள். அத்தானை விசாரித்ததாகச் சொல்.

தம்பி

மார்ச் 12

தம்பிக்கு,

உன் அத்தானிடம் சொன்னேன். "அவன் எங்கே விசாரிச்சான், சண்டைதானே போட்டிருக்கான்" என்றார். தூக்கத்திலும் மனுஷனுக்குக் காது கேட்கிறது.

பச்சைக் கோட்டை நீதான் எடுத்தாய், அதனால் சொல்கிறேன். கடையில் இருபத்தைந்து வருடம் முடித்ததற்கு எனக்கு விருந்து வைத்தார்கள். நீ தைத்த கோட்டில் பட்டன் போட முடியவில்லை. முதலாளியும் வாடிக்கையாளர்களும் நிற்கும்போது, "அளவு சரிதான், ஆள்தான் சரியில்லை" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அன்று மேடையில் ஏறவே கால் வரவில்லை. குற்றம் கண்டுபிடித்தது யார் என்று நீயே யோசி.

அது கிடக்கட்டும். பழைய சட்டை என்கிறாய். அந்தச் சட்டையின் காலர் இன்னும் தண்ணீரைப் பார்க்கவில்லை. கஞ்சி மொடமொடப்பு அப்படியே இருந்தது. கைமடிப்பில் பேனாக் கறை இல்லை, வேர்வைக் கறை இல்லை. பக்கத்து ஊர்க்காரன் பார்த்துத் தைத்தது என்கிறாய். நீ முதன்முதலில் அந்த வெட்டை வைத்தது உன் அத்தான் சட்டையில். இருபது வருடமாக அவர் பேனா எடுக்கும்போதெல்லாம் அக்குளில் குத்திக்கொள்கிறார். அந்த முக்கோணத்தை நான் எத்தனை தடவை இஸ்திரி போட்டிருப்பேன்? இரண்டு மூலை நேராகவும் ஒரு மூலை கொஞ்சம் வழுக்கியும் இருக்கும். இதுவும் வழுக்கியிருந்தது.

இங்கே நடந்த கூத்தைக் கேள். முந்தாநாள் வீட்டுக்கு ஒரு பெண் போலீஸ் வந்தார். கூடுதலாகச் சில விவரம் கேட்க வந்தாராம். நான் கதவைத் திறக்கவில்லை. அடையாள அட்டையைக் கதவுக்கு அடியில் தள்ளச் சொன்னேன். கடையிலிருந்து கொண்டுவந்த லென்ஸை வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தேன். முத்திரையைப் பார்த்தேன். படத்தில் இருக்கிற மூக்கையும் ஜன்னல் வழியாகத் தெரிந்த மூக்கையும் ஒத்துப் பார்த்தேன். பாவம், வெயிலில் கால் மணி நேரம் நின்றார். உள்ளே வந்ததும், "இதை அன்னிக்கே செஞ்சிருக்கலாமே அம்மா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

அவரிடமும் பையைப் பற்றிச் சொல்லவில்லை. போலீஸிடம் மறைக்கிறவளாக நான் ஆகிவிட்டேன், யாருக்காக என்று உனக்கே தெரியும்.

அளவு நோட்டைத் திறந்து பார். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

அக்கா

மார்ச் 17

அக்காவுக்கு,

திறந்து பார்த்தேன். உன் கடிதம் வந்த அன்றைக்கே பார்த்துவிட்டேன். எழுதத்தான் இத்தனை நாள் ஆயிற்று.

ஜனவரி 19. இரண்டு பேர். ஆளுக்கு ஒரு சட்டை, ஒரு பேண்ட். கடித எண் எழுத வேண்டிய இடத்தில் என் கையெழுத்திலேயே "பின்னால் வரும்" என்று இருக்கிறது.

எப்படி நடந்தது என்று உட்கார்ந்து யோசித்தேன். அந்த வாரம் கடையில் நிற்க இடமில்லாத அளவுக்கு வேலை. இரண்டு பேரும் துணியோடு வந்தார்கள். "மாத்தலாகி வந்திருக்கோம் மாஸ்டர். கடிதம் மேலிடத்துல இருந்து வரணும். உங்க கையால தைச்சாத்தான் நிக்கும்னு பழைய ஸ்டேஷன்லயே சொல்லி அனுப்பினாங்க" என்றான் உயரமானவன். அந்த வார்த்தையில் விழுந்துவிட்டேன். வேறு ஊர் ஸ்டேஷன் வரைக்கும் என் பெயர் போயிருக்கிறது என்று அன்று மனைவியிடம் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டேன். இப்போது அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அவர்கள் முகம் எனக்கு ஞாபகம் இல்லை. எனக்கு யார் முகமும் ஞாபகம் இருக்காது, உடம்புதான் இருக்கும். உயரமானவனுக்கு வலது தோள் முக்கால் இஞ்ச் தாழ்வு. குட்டையானவனுக்கு இடுப்பு நாற்பத்திரண்டு, அதற்குக் கீழே சின்னப் பையனுக்கு இருக்கிற மாதிரி குச்சிக் கால். தெருவில் முதுகைக் காட்டிக்கொண்டு போனாலும் சொல்லிவிடுவேன்.

இன்னும் ஒன்று. ஆளுக்கு இன்னொரு பேண்ட் தைக்கத் துணி கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஏப்ரல் 2 மாலை வாங்கிக்கொள்ள வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். துணி அலமாரியில் இருக்கிறது.

அக்கா, நான் ஸ்டேஷனில் போய்ச் சொன்னால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியாது. கடிதம் பார்க்காமல் சீருடை தைத்தவனுக்கு மறுபடி ஒரு பட்டன்கூடத் தைக்கக் கொடுக்க மாட்டார்கள். கடை போர்டில் பாதி இடம் "காவல்துறைச் சீருடைகள்" என்றுதான் இருக்கிறது. இந்த வேலை போனால் மீதி இருப்பது பள்ளிக்கூடப் பையன்களின் கிழிந்த முட்டி மட்டும்தான். ஐம்பத்து மூன்று வயதில் நான் எங்கே போய்ப் புதிதாக ஆரம்பிப்பேன்? ஏப்ரல் முதல் வாரம் கடையைப் பூட்டிவிட்டு எங்காவது போய்விடலாமா என்றுகூடத் தோன்றுகிறது. அவர்கள் வந்து பார்த்துவிட்டுப் போய்விடட்டும். நீ கொஞ்ச நாள் பொறு. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

நோட்டைப் புரட்டும்போது உன் பக்கமும் வந்தது. கோட், மார்பு முப்பத்தெட்டு என்று எழுதியிருக்கிறேன். வெட்டியது முப்பத்தாறு. துணியில் போட்ட சாக்பீஸ் அடையாளத்தைத் தப்பாகப் பார்த்து வெட்டியிருக்கிறேன். ஆள் சரியாகத்தான் இருந்தாய். அன்றைக்கே எனக்குப் பாதி சந்தேகம் இருந்தது, அத்தனை பேர் முன்னால் ஒப்புக்கொள்ளப் பிடிக்காமல் உன் மேல் திருப்பிவிட்டேன். இதை இரண்டு வருடம் முன்னால் சொல்லியிருக்க வேண்டும்.

தம்பி

மார்ச் 22

தம்பிக்கு,

கோட்டைப் பற்றி நீ எழுதியதை உன் அத்தானுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். பேப்பரை இறக்கிவிட்டு, "அப்ப இத்தனை நாளா ராத்திரி சாப்பாட்டைக் குறைச்சது தண்டமா" என்று கேட்டார். என்னோடு சேர்ந்து அவரையும் பட்டினி போட்டிருந்தேன்.

பொறு என்கிறாய். பொறுத்துத்தான் இருந்தேன். நேற்று கடைக்கு ஒரு பெரியவர் வந்தார். கண்ணில் அறுவை சிகிச்சை முடிந்து புதுக் கண்ணாடிக்கு அளவு கொடுத்திருந்தவர், மனைவியை இழந்தவர். ஃபிரேமைப் போட்டுச் சரிபார்க்கும்போது கையைப் பார்த்தேன். எப்போதும் திருகிக்கொண்டே இருப்பாரே, அந்தக் கல்யாண மோதிரம் இல்லை. கேட்டேன். "ரெண்டு போலீஸ்காரங்கம்மா. பத்திரமா வச்சுக்கச் சொல்லி மடிச்சுக் கொடுத்தாங்க" என்றார். பையிலிருந்து காகிதத்தை எடுத்துக் காட்டினார். உள்ளே வாஷர். அதைத் தூக்கிப் போட அவருக்கு மனசு வரவில்லை. "எழுதினவன் பேனாவை அக்குள்லேர்ந்து எடுத்தான், எனக்குச் சிரிப்பா வந்துச்சு" என்றார்.

நான் அன்றைக்கே வாயைத் திறந்திருந்தால் அந்த மோதிரம் அவர் விரலில் இருந்திருக்குமோ என்னவோ. ஃபிரேமை முறுக்கிக்கொண்டே இருந்தேன், அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

உனக்கு ஒரு விஷயம் சொல்லவில்லை. அவன் நிறுத்தியதும் எனக்கும் சந்தேகம் வந்தது. நான் ஒன்றும் அவ்வளவு ஏமாளி இல்லை. "ஸ்டேஷனுக்கு வந்து கழட்டறேன், இங்கே வேண்டாம்" என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் அவன் பேனாவை எடுத்தான். அந்த முக்கோணம் தெரிந்தது. உடனே மனசு இளகிவிட்டது. நம் தம்பி அளவெடுத்து, பக்கத்தில் நின்று டிரையல் பார்த்து அனுப்பிய ஆள், இவன் எப்படித் தப்பானவனாக இருப்பான் என்று நினைத்தேன். உன்னைப் பார்த்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. "அந்தத் தையல்காரர் நல்லா இருக்காரா" என்று அவனிடம் கேட்கலாமா என்றுகூட நினைத்தேன். அப்படி நினைத்துக்கொண்டேதான் வளையலைக் கழற்றினேன்.

அவன் போட்டிருந்த தொப்பியை நான் நம்பவில்லை தம்பி. உன்னை நம்பினேன்.

நீ போய்ச் சொல் என்று நான் கட்டாயப்படுத்த மாட்டேன். நானாகவும் சொல்ல மாட்டேன், அது உன் கடை. ஆனால் உன் தையலைப் பார்த்து இன்னும் எத்தனை பேர் கழற்றிக் கொடுப்பார்கள் என்று கணக்குப் போட்டுப் பார்.

அக்கா

மார்ச் 26

அக்காவுக்கு,

கடிதத்தை மூன்று முறை படித்தேன். பிறகு மனைவி படித்தாள். படித்துவிட்டு என் வெளுத்த சட்டையை இஸ்திரி போட்டு ஆணியில் மாட்டிவிட்டாள்.

நாளைக் காலை நோட்டை எடுத்துக்கொண்டு போகிறேன்.

தம்பி

ஏப்ரல் 3

அக்காவுக்கு,

பிடித்தாகிவிட்டது. முதலில் அதைச் சொல்லிவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன்.

27ஆம் தேதி போனேன். ஆய்வாளர் நோட்டை வாங்கி அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "மாஸ்டர், நான் போட்டிருக்கிறதும் நீங்க தைச்சதுதான்" என்றார். "ஆமா சார்" என்றேன். "எனக்குக் கடிதம் பார்த்தீங்களா?" "உங்களை எனக்குத் தெரியுமே சார்." "அதுதாங்க தப்பு. தெரிஞ்ச ஆள்னு எனக்கு விட்டீங்க, தெரியாதவன் புகழ்ந்தான்னு அவனுக்கு விட்டீங்க" என்றார். பிறகு ஏற்பாட்டைச் சொன்னார். இரண்டாம் தேதி மாலை சாதாரண உடையில் இரண்டு காவலர்கள் எதிர்க்கடையில் இருப்பார்கள். நான் வழக்கம்போல் தைத்துக்கொண்டிருந்தால் போதும்.

மாலை என்றுதான் எல்லா ஏற்பாடும். அந்தப் பாவிகள் காலை பத்தரைக்கே வந்துவிட்டார்கள். நான் முதுகைக் காட்டிக்கொண்டு காலர் திருப்பிக்கொண்டிருந்தேன். வாசலில் நிழல் விழுந்தது. கண்ணாடியில் பார்த்தால் வலது தோள் முக்கால் இஞ்ச் தாழ்ந்து நிற்கிறது. எதிர்க்கடையில் ஒருவரும் இல்லை.

"மாஸ்டர், பேண்ட் ரெடியா?" என்றான். உனக்குத் தெரியும், என் வாழ்நாளில் சொன்ன தேதிக்கு நான் எதையும் கொடுத்ததில்லை. இந்த முறைதான் பயத்தில் இரண்டு நாள் முன்னதாகவே தைத்து முடித்து, இஸ்திரியும் போட்டு வைத்திருந்தேன். "ரெடிதான் சார், ஒரு டிரையல் பாத்துடுங்க. கீழே மடிப்பு மட்டும் பாக்கி, அஞ்சு நிமிஷம்" என்றேன். அப்படியே மனைவி பக்கம் திரும்பி, "அந்த நிறத்துல நூல் தீர்ந்து போச்சு, வாங்கிட்டு வா" என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். ஸ்டேஷன் இருக்கிற திசையில் செருப்பு மாட்டிக்கொண்டு நடந்தாள், ஓடவில்லை.

குட்டையானவன் டிரையல் அறைக்குள் போனான். திரைக்கு மேலே அவன் போட்டிருந்த பேண்டைத் தொங்கவிட்டான். "நீளம் ஒத்துப் பாக்கணும் சார்" என்று அதை உருவி எடுத்து, வெட்டு மேசைக்கு அடியில் துணிக் குவியலுக்குள் திணித்தேன். அவன் புதுப் பேண்டைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தான். "இடுப்புல சுருக்கு விழுது சார், கழட்டிக் கொடுங்க" என்று அதையும் வாங்கிக்கொண்டேன். இப்போது அவன் திரைக்குப் பின்னால் குச்சிக் காலோடு நிற்கிறான்.

உயரமானவன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அவன் சாதாரணச் சட்டைதான் போட்டிருந்தான். "சார், உங்க சட்டையில தோள்பட்டை இழுக்குதே. யாரு தைச்சது? வலது பக்கம் இறக்கி வெட்டணும்ல? கொடுங்க, ஒரு தையல் போட்டா சரியாயிடும்" என்றேன். அவனுக்கு அந்தத் தோள் விஷயத்தில் ரொம்ப நாள் வருத்தம் போலிருக்கிறது. மறு பேச்சில்லாமல் கழற்றிக் கொடுத்துவிட்டு பனியனோடு உட்கார்ந்தான்.

அதற்கப்புறம் "அஞ்சு நிமிஷம்" என்று எத்தனை தடவை சொன்னேன் என்று எனக்கே தெரியாது. மிஷினைச் சும்மா ஓட்டிக்கொண்டே இருந்தேன். கையெல்லாம் வேர்த்து ஊசி வழுக்கியது. ஒரு வார்த்தை சந்தேகமாகக் கேட்டிருந்தால் உட்கார்ந்த இடத்திலேயே உளறியிருப்பேன். ஆனால் தையல்காரன் அஞ்சு நிமிஷம் என்றால் அரை மணி நேரம் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும், திருடனுக்கும் தெரிந்திருக்கிறது. அவன் பாட்டுக்குக் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தான்.

ஆய்வாளரே வந்தார், நாலு பேரோடு. உயரமானவன் எழுந்தான், பனியனோடு எங்கே ஓடுவது என்று யோசிப்பதற்குள் பிடித்துவிட்டார்கள். குட்டையானவன் டிரையல் திரையை இடுப்பில் சுற்றிக்கொண்டு பின்வாசலுக்குப் பாய்ந்தான். திரையின் மறுமுனை கம்பியிலேயே மாட்டியிருந்தது. இரண்டடிக்கு மேல் போக முடியவில்லை. மனைவி கடைக்குள் நுழைந்து அவன் நின்ற கோலத்தைப் பார்த்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியதை வைத்துத்தான் சிரிக்கிறாள் என்று தெரிந்தது. கைப்பையோடு வந்த மூன்றாவது ஆளையும் மாலைக்குள் பிடித்துவிட்டார்களாம். பெரியவரின் மோதிரம் அவனிடம் அப்படியே இருந்ததாம். உன் வளையலை உருக்கிவிட்டார்கள்.

இனி என் சமாச்சாரம். விசாரணை முடியும் வரைக்கும் எனக்குச் சீருடை வேலை கிடையாது. முடிந்த பிறகும் கொடுப்பதும் கொடுக்காததும் மேலிடத்து இஷ்டம். ஆய்வாளர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார், அவருக்கும் வருத்தம்தான். இன்று காலை ஏணி போட்டு ஏறி, போர்டில் பாதியை நானே வெள்ளையடித்து மறைத்தேன். மனசு கனமாக இருக்கும் என்று நினைத்தேன். என்னவோ தெரியவில்லை, இறங்கி வந்து நன்றாகச் சாப்பிட்டேன். ஒரு மாதமாக இப்படிச் சாப்பிடவில்லை.

உங்கள் ஊர் ஸ்டேஷனிலிருந்து உன்னைக் கூப்பிடுவார்கள். உனக்குத் தெரிந்ததை எல்லாம் சொல். எனக்காக எதையும் விழுங்க வேண்டாம்.

தம்பி

ஏப்ரல் 8

தம்பிக்கு,

பனியனோடு உட்கார்ந்தவனையும் திரையைச் சுற்றிக்கொண்டு ஓடினவனையும் படித்துவிட்டு உன் அத்தான் சிரித்த சிரிப்பில் கண்ணாடி கீழே விழுந்து கால் உடைந்துவிட்டது. இன்று கடையில் அதைத்தான் ஒட்டினேன். வளையலுக்காக வருத்தப்படாதே. கை வெறுமையாக இருப்பது முதல் வாரம் உறுத்தியது, இப்போது ஃபிரேம் பிடிக்க வசதியாக இருக்கிறது. பெரியவர் மோதிரத்தோடு கடைக்கு வந்து, கண் பலகையில் கடைசி வரிசை வரைக்கும் தப்பில்லாமல் படித்துக் காட்டிவிட்டுப் போனார். அவருக்கு மனசு நிறைந்திருந்தது, எனக்கும்தான்.

நேற்று ஸ்டேஷனுக்குப் போனேன். ஒரு மாதமாக உன் அத்தான்தான் எனக்குக் காவலுக்கு வந்துகொண்டிருந்தார், பாதி வழியில் எங்கேயாவது உட்கார்ந்துவிடுவார், நான்தான் அவரைக் கூட்டிக்கொண்டு வருவேன். நேற்று வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வங்கி முனை வழியாகவே நடந்தேன். அந்த இடம் வந்ததும் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன், ஆனால் நிற்கவில்லை.

நான் வெயிலில் நிற்க வைத்தேனே, அந்தப் பெண் போலீஸ்தான் வாக்குமூலம் எழுதினார். உள்ளே நுழைந்ததும் அவராகவே அடையாள அட்டையை எடுத்து என் முன்னால் வைத்தார். வைத்துவிட்டுச் சிரித்தார்.

திருடர்களிடம் கிடைத்த போலீஸ் சட்டையை மேசையில் விரித்தார்கள். அக்குள் பக்க வெட்டைக் காட்டினேன். முக்கோணத்தின் வழுக்கின மூலையைக் காட்டினேன். "இதை ஏன் முதல் நாளே சொல்லலை?" என்று கேட்டார். "முதல்ல அவன் சொல்லட்டும்னு இருந்தேன்" என்றேன். அது தப்பு என்றார். தப்புதான் என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்.

பிறகு பேனாவை நிறுத்திவிட்டுக் கொஞ்சம் மெதுவாகக் கேட்டார். "தைச்சவருக்கும் உங்களுக்கும் ஏதாவது உறவா? இருந்தா எழுதியாகணும். கோர்ட்ல அவங்க வக்கீல் அதைத்தான் பிடிப்பார். சொந்தக்காரரைக் காப்பாத்தப் பார்த்தீங்கன்னு சொல்லுவார். யோசிச்சுச் சொல்லுங்க."

யோசிக்க என்ன இருக்கிறது? "என் கூடப் பிறந்தவன். ரெண்டு வருஷமா எங்களுக்குள்ள பேச்சு இல்லை. இப்ப இருக்கு. காப்பாத்தத்தான் பார்த்தேன், கடைசியில அவனாவே நோட்டைத் தூக்கிட்டுப் போய்ச் சொல்லிட்டான். எல்லாத்தையும் எழுதிக்கோங்க" என்றேன்.

அவர் ஒன்றுவிடாமல் எழுதினார். வாங்கி, என் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் நிதானமாகப் படித்துப் பார்த்தேன். கையெழுத்துப் போடும் இடத்துக்கு மேலே "தையல்காரரின் அக்கா" என்று இருந்தது. அதற்குக் கீழே போட்டேன்.

அக்கா